ஒரு விரல் ஓரம் விட்டு வெட்டிய கவர்கள்

என்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்ப்பது கஷ்டம். கேஸை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடியவள் நான், ஒரு தடவை இல்லை, பல தடவை. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தைந்து வருடமாக வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு குழாயிலும் ஒட்டியிருக்கும் பெயரையும் எண்ணையும் மூன்று முறை படிக்காமல் கீழே வைக்க மாட்டேன். அவ்வளவு ஜாக்கிரதையான நான்தான், ஒரு குடும்பத்தின் விலாசத்தையும் தேதியையும் கத்தரிக்கோலால் தனித்தனியாகப் பிரித்துப் போட்டேன். அதைச் செய்யும்போது பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஸ்டாம்ப் சங்கம் ஒன்றும் பெரிய சங்கம் இல்லை. மொத்தம் பதினான்கு பேர். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூடத்தின் டிராயிங் வகுப்பறையில் கூடுவோம். முதல் வேலை புது வெளியீடு. எங்களில் ஒருவர் திருச்சிக்குப் போய் அந்த மாதம் வெளியான ஸ்டாம்ப்களை வாங்கி வருவார். கண்ணாடித் தாளுக்குள் இருக்கும் அவற்றை மேஜையில் பரப்பியதும், ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களும் பெண்களும் தீபாவளிப் பட்டாசைப் பார்க்கிற பிள்ளைகள் மாதிரி முண்டியடிப்போம். அச்சு சற்று நகர்ந்திருக்கிறதா, ஓரத்துப் பல் ஒழுங்காக இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்போம். யாராவது கையால் தொட்டுவிட்டால் ஒரே கூச்சல்தான்.

இரண்டாவது வேலை கூட்டுப் பை. யாருக்குப் பழைய கடிதம் கிடைத்தாலும் கவரின் மூலையை, ஸ்டாம்பைச் சுற்றி ஒரு விரல் ஓரம் விட்டு வெட்டி, அந்தத் துணிப் பையில் போட்டுவிட வேண்டும். கூட்டம் முடியும்போது ஆளுக்கு ஒரு கைப்பிடி, பார்க்காமல் அள்ளிக்கொள்ளலாம். வீட்டுக்குப் போய்த் தண்ணீரில் ஊறவைத்தால் ஸ்டாம்ப் தனியாகக் கழன்று வரும். செய்தித்தாளில் காயவைத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தால் வேலை முடிந்தது. அடுத்தவர் அள்ளியதில் என்ன வந்தது என்று எட்டிப் பார்க்கும் சுகம் இருக்கிறதே, அதற்காகவே நான் ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை.

இதை ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் எங்கள் பாய். முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் தார்ப்பாயும் மீன்வலைக் கயிறும் விற்கிறவர். அறுபதைத் தாண்டியவர். அவர் சேர்ப்பது முழுக் கவர், ஆனாலும் பையில் தன் கைப்பிடியை அள்ளாமல் போக மாட்டார். "ஸ்டாம்பு மட்டும் இருந்தா அது படம். கவரோட இருந்தாத்தாம்மா அது எங்கேருந்து எங்க போச்சு, என்னைக்குப் போச்சுன்னு சொல்லும்" என்பார். நாங்கள் தலையாட்டிவிட்டு வெட்டுவோம். அபூர்வமான கவர் என்றால் நாங்களும் வெட்ட மாட்டோம். சாதாரணக் கடிதத்துக்கு என்ன மரியாதை என்பது எங்கள் எண்ணம்.

அந்த ஆடி மாதத்தில்தான் எங்கள் மருத்துவமனையின் ஊசி அறையில் வேலை செய்யும் நர்ஸ் என்னிடம் வந்தாள். முப்பத்திரண்டு வயது. ஒரத்தநாட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அவள் தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்த குடும்பம். அப்பா சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய், அந்தச் சம்பாத்தியத்தில் வாய்க்கால் கரையில் ஒரு வீடு கட்டினார். மகளை நர்சிங் படிக்கவும் வைத்தார். இப்போது அவர் இல்லை.

"அக்கா, எங்கப்பா சிங்கப்பூர்லேருந்து போட்ட கவரு பதினொண்ணு அம்மா பெட்டியில கெடக்கு. லெட்டர மட்டும் நான் வச்சுக்கிறேங்குது அம்மா. கவரு உங்களுக்கு வேணுமா?"

வேண்டுமாவா! அன்றைக்கு அவளுக்குக் கேன்டீனில் மெதுவடை வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் பதினொன்றையும் நூல் கட்டிக் கொண்டுவந்தாள். எல்லாவற்றிலும் ஒரே விலாசம், ஒரே கையெழுத்து. அம்மாவின் பெயர், கதவு எண், வாய்க்கால் கரைத் தெரு, ஊர். ஸ்டாம்ப்கள் பூவும் மீனுமாக அழகாக இருந்தன, ஆனால் எங்கும் கிடைக்கிற வகை. அன்று சாயங்காலமே பரிசோதனைக் கூடத்தில் கழித்துப்போட்ட பழைய கத்தரிக்கோலால், ஒரு விரல் ஓரம் விட்டு, பதினொன்றையும் வெட்டினேன். வட்ட முத்திரை பாதி ஸ்டாம்பின் மேலும் பாதி கவரின் மேலும் விழுந்திருந்தது. தேதி முழுக்க மூலையோடு வந்துவிட்டது. மூலைகள் கூட்டுப் பைக்குப் போயின. மீதிக் கவரின் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால், காகிதத்தை வீணாக்காத என் கஞ்சப் புத்தி அதை மளிகைச் சீட்டு எழுதுவதற்கு என்று சமையலறை இழுப்பறையில் வைத்தது.

ஐப்பசியில் இரண்டாவது ஞாயிறு. வெளியே அடைமழை. அந்த மாதப் புது வெளியீடு நீர்ப்பறவைகள், நான்கு ஸ்டாம்ப் சேர்ந்த தாள். நாரையின் காலில் மஞ்சள் சற்றுத் தள்ளி அச்சாகியிருக்கிறதா இல்லையா என்று பெரிய வாக்குவாதம். நான் லென்ஸை எடுத்துக் குனிந்தபோது போன் அடித்தது. நர்ஸ்தான்.

"அக்கா, அந்தக் கவரெல்லாம் இருக்குல்ல?"

"எந்தக் கவரு?" என்றேன், தெரியாத மாதிரி.

அவள் மூச்சு வாங்கப் பேசினாள். வாய்க்கால் கரையில் இருக்கிற வீடுகளை அளந்து சுவரில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். வாய்க்காலை அகலப்படுத்தியது பல வருடங்களுக்கு முன்னால். அதற்குப் பிறகு கட்டிய வீடு என்றால் ஆக்கிரமிப்பு, இடித்துவிடுவார்கள். அதற்கு முன்பே அங்கே குடியிருந்தார்கள் என்று காட்டினால் மறுபடி அளப்பார்கள். வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீசில் விசாரணை.

"பழைய ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் புயல்ல கூரையோட போச்சுக்கா. அப்பா லெட்டர்ல தேதி போட்டிருக்கு, ஆனா அதை யாரு வேணா எழுதிக்கலாமாம். கவரு மேல தபால் சீல் இருந்தா பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க. வாய்க்கால அகலப்படுத்துறதுக்கு முன்னாடியே அப்பா அந்த விலாசத்துக்குப் போட்ட கவருக்கா. அது ஒண்ணு போதும். பத்திரமா இருக்குல்ல?"

என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது. "பத்திரமா இருக்குடீ" என்றேன்.

போனை வைத்த பிறகு உட்கார நாற்காலி தேடினேன். எதிரே கூட்டுப் பை கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் கவிழ்த்துக் கொட்டிக் கிளறினேன். அதில் ஒரு சிங்கப்பூர் ஸ்டாம்ப்கூட இல்லை. ஆடியிலிருந்து மூன்று முறை எல்லோரும் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். வந்திருந்த எட்டுப் பேரில் மூன்று பேர் அப்போதே உதட்டைப் பிதுக்கினார்கள். மற்றவர்கள் வீட்டில் போய்ப் பார்க்கிறோம் என்றார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து சமையலறை இழுப்பறையைத் தரையில் கொட்டினேன். விலாசம் உள்ள மீதிக் கவர்கள் நான்குதான் கிடைத்தன. ஒன்றின் பின்பக்கம் துவரம்பருப்பு, கடுகு, பெருங்காயம். ஒன்றில் என் கணவரின் சர்க்கரை அளவு. மீதி ஏழும் மளிகைக் கடைக்குப் போய் அவர்கள் குத்தி வைக்கிற கம்பியில் ஏறி, அங்கிருந்து குப்பைக்குப் போயிருக்கும். விலாசம் இருக்கிறது, தேதி இல்லை. நான்கையும் அடுக்கி வைத்துக்கொண்டு அழுதேன். கணவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் லேபிள் படிக்கிறவ இத எப்படிடீ படிக்காம விட்ட?" என்றார். அவர் கேலியாகத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். சிங்கப்பூர் மூலை யாரிடம் இருந்தாலும் தயவுசெய்து ஊறவைக்காதீர்கள், ஒரு வீட்டுப் பிரச்சினை என்று. பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஊறவைத்தாகிவிட்டது. மாற்றிக்கொண்டாகிவிட்டது. ஒருவர் ஒரு போட்டோவே அனுப்பினார். ஆல்பத்தில் வரிசையாக ஐந்து சிங்கப்பூர் ஸ்டாம்ப், காகிதம் துளியும் ஒட்டாமல் பளிச்சென்று. கீழே "சூப்பர் பீஸ், நன்றி சகோதரி" என்று எழுதி ஒரு கைகூப்பும் படம். பெரிதாக்கிப் பார்த்தேன். முத்திரையில் தேதியின் பாதி இருந்தது. வருடம் இருந்த மறுபாதி அவர் வீட்டுத் தண்ணீரோடு போய்விட்டது.

திங்கட்கிழமை ஊசி அறையைத் தாண்டாமல் சுற்றுவழியாக என் இடத்துக்குப் போனேன். அவளே தேடி வந்தாள். "கொண்டாந்தீங்களாக்கா?" பீரோவில் எங்கேயோ இருக்கிறது, எடுக்க வேண்டும் என்றேன். செவ்வாய்க்கிழமை கேட்கவில்லை. எனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று நினைத்தாளாம். அதற்குப் பதில் அம்மா செய்தது என்று ஒரு டப்பாவில் கொழுக்கட்டை கொண்டுவந்து வைத்தாள். டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தேன். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பதில் வராத ஆள் ஒருவர்தான் மிச்சம். பாய். ஐப்பசிக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. வாட்ஸ்அப் பார்க்கிறவரும் இல்லை. போன் போட்டால் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மழையில் அந்தப் பக்கம் மின்சாரம் இல்லை என்றார்கள். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, நான்கு மீதிக் கவர்களையும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு, மன்னார்குடி வழியாக முத்துப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

அந்தப் பயணம் எனக்கு மறக்காது. வழி நெடுக சம்பா நட்ட வயல்களில் தண்ணீர் தளும்பி நின்றது. வாய்க்கால்கள் கரையை நக்கிக்கொண்டு ஓடின. கரையில் ஒரு வீடு தெரிந்தால் போதும், என் கண் அதன் சுவரில் சிவப்பு இருக்கிறதா என்று தேடியது. ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், மழை விட்ட அந்தக் கால்மணி நேரத்தில். அந்தச் சுவரில் சிவப்பு இல்லை. இருந்தாலும் பஸ் தாண்டிய பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பாயும் ஊறவைத்திருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். ஒரு யோசனையும் வரவில்லை. அப்படியே பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கேயாவது ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஐம்பத்திரண்டு வயதில் எங்கே ஓடுவது?

பாய் கடையில் அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்கம்மா, என்ன இந்த மழையில? எல்லாரும் நல்லாருக்காங்களா?"

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் விளக்குத் திரியை ஏற்றிவிட்டுக் கேட்டார். முடித்ததும், "பை மூலைய நான் ஊறவைக்கல. மழைநாள்ல நான் தண்ணியே தொட மாட்டேன். எங்க காயறது?" என்றார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

பிஸ்கெட் டப்பா ஒன்றைத் திறந்தார். மை ஒற்றுகிற தாளுக்கு நடுவில் மூலைகள் அடுக்கியிருந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அதில் சிங்கப்பூர் மூன்று. மூன்றிலும் வட்ட முத்திரையில் தேதி முழுசாக இருந்தது. கல்லாப்பெட்டியின் மேல் என் நான்கு மீதிக் கவர்களையும் வைத்துப் பொருத்திப் பார்த்தோம். முதல் மூலை எதனோடும் சேரவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதை, துவரம்பருப்பு எழுதிய கவரோடு வைத்தபோது, கோடு கோட்டில் போய் உட்கார்ந்தது. என் கத்தரிக்கோலின் அலகில் ஒரு சின்னப் பொக்கை உண்டு. வெட்டினால் அந்த இடத்தில் காகிதம் ஒரு பல் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பல் மூலையில் இருந்தது. அதற்கான பள்ளம் கவரில் இருந்தது. முத்திரை வட்டத்தின் வால் பகுதியும் கவரில் தொடர்ந்தது. தேதி, வாய்க்கால் அகலப்படுத்தியதற்கு இரண்டு வருடம் முந்தியது.

"பாய், கோந்து இருக்கா?" என்றேன். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. "ஒட்டிட்டா தெரியவே தெரியாது. எனக்கு ஒட்ட வரும்."

உண்மையாகவே எனக்கு வரும். கிழிந்த கவரைப் பின்பக்கம் மெல்லிய தாள் கொடுத்து ஒட்டினால் லென்ஸ் வைத்தால்தான் தெரியும்.

பாய் டப்பாவை மூடினார். "ஒட்டுனீங்கன்னா இது போலியாப் போயிரும்மா. நிஜமான கவருதான், ஆனா ஒட்டுன கவரு. நானே ஒட்டுன கவரைப் பாத்தா தூர வச்சுருவேன். நாளைக்கு அந்த ஆபீசர் வெளிச்சத்துல தூக்கிப் பாத்து ஒட்டுன கோட்டைக் கண்டுபுடிச்சா அந்தப் பொண்ணு வீடும் போயி, மேல கேசும் வரும்."

"அப்ப என்ன பண்றது பாய்?"

"ரெண்டு துண்டாவே கொண்டு போங்க. அந்தக் கத்தரிக்கோலையும் எடுத்துக்கங்க. வெட்டுனவங்க போயி நிக்கணும். வேற வழி இல்ல."

அதுதான் எனக்குப் பயம். தாலுகா ஆபீஸ்கூடப் பரவாயில்லை. அவள் முகத்துக்கு எதிரே நின்று சொல்ல வேண்டுமே.

வியாழக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஊசி அறை வாசல்வரை இரண்டு முறை போனேன். மூன்றாம் முறை அவளே வெளியே வந்தாள். "கெடச்சுதாக்கா?" "கெடச்சுது, நாளைக்கு நானே கொண்டாந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நழுவினேன். கோழை என்றால் அப்படி ஒரு கோழை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தாலுகா ஆபீசில் அவளும் அம்மாவும் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தார்கள். அம்மா நல்ல புடவை கட்டி, மடியில் கணவரின் கடிதக் கட்டை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். "நீங்க வச்சிருந்ததுனாலதாம்மா பொழச்சுது. எங்கிட்ட இருந்தா நான் அடுப்புல போட்டிருப்பேன்" என்றார். எனக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது.

விசாரித்தவர் ஒரு பெண் அதிகாரி. நாற்பது வயது இருக்கலாம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பிளாஸ்டிக் உறையை வாங்கிக் கவிழ்த்தார். கவர் ஒரு பக்கம், மூலை ஒரு பக்கம் விழுந்தது.

"என்னங்க இது? சீல் தனியா இருக்கு, அட்ரஸ் தனியா இருக்கு?"

நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மேலே சுற்றிய மின்விசிறி மூலையைத் தூக்கிவிட்டது. அது மேஜை விளிம்பைத் தாண்டிப் பறந்து, அடியில் அடுக்கி வைத்திருந்த ஃபைல் கட்டுகளுக்குள் எங்கேயோ போனது. எனக்கு உயிரே போய்விட்டது. மண்டி போட்டு மேஜைக்கு அடியில் புகுந்தேன். ஈரக் குடை ஒன்று அங்கே சொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீருக்கு நான்கு விரல் தள்ளி, ஸ்டாம்ப் மேலே பார்க்க, மூலை கிடந்தது. அதிகாரி குனிந்து கையை நீட்டினார்.

"கையால தொடாதீங்க மேடம்!" என்று கத்தியேவிட்டேன். கைப்பையிலிருந்து இடுக்கியை எடுத்து நானே எடுத்தேன். எழுந்து நின்றபோது முழங்கால் எல்லாம் தூசி. அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"யாரு வெட்டினது இத?" என்றார் அதிகாரி.

"நான்தாங்க."

"எதுக்கு?"

அதற்கு ஒரு நல்ல பதில் இருந்தால் சொல்லியிருப்பேன். "ஸ்டாம்புக்காகங்க" என்றேன். "பதினோரு கவர் குடுத்தாங்க. எல்லாத்தையும் வெட்டிட்டேன். பத்திரமா இருக்குன்னு பொய் சொன்னேன். கெடச்சது இது ஒண்ணுதான்." கத்தரிக்கோலை மேஜையில் வைத்தேன்.

அவர் விசிறியை நிறுத்தச் சொன்னார். துண்டுகளை வெள்ளைத் தாளில் வைத்துச் சேர்த்துப் பார்த்தார். பிறகு என் கத்தரிக்கோலை எடுத்து வேறொரு தாளை வெட்டினார். அதிலும் அந்தப் பல் நீட்டிக்கொண்டு வந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில், நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன்.

"இது ஒண்ண வச்சு நான் எதுவும் சொல்ல முடியாது. மழை நிக்கட்டும், சர்வேயரை விட்டு மறுபடி அளக்கச் சொல்றேன். அதுவரைக்கும் இடிக்க மாட்டாங்க. கவர் முழுசா இருந்திருந்தா எனக்கும் சுலபமா இருந்திருக்கும்" என்றார். கவரையும் மூலையையும் கத்தரிக்கோலையும் ஒரு உறையில் போட்டு ஃபைலில் வைத்துக்கொண்டார்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. நர்ஸ் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். குடையைப் பிரித்து அம்மாவுக்குப் பிடித்தாள். அம்மா இரண்டு அடி போனவர் நின்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"மத்த பத்தும் எங்கம்மா?"

நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அவர் குடைக்குள் திரும்பி நடந்தார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. குழாயில் லேபிள் படிக்கும்போது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது, எப்போது வேண்டுமானாலும் அது வரும்.

கார்த்திகைக் கூட்டத்தில் கூட்டுப் பையை நிறுத்திவிட்டோம். யாரும் தீர்மானம் போடவில்லை. கொக்கியில் பை இல்லை, ஏன் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆல்பம் போட்டோ அனுப்பியவர் அந்த ஐந்து ஸ்டாம்பையும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கி என்ன செய்ய?

அந்த வாரம்தான் நர்ஸ் என் இடத்துக்கு வந்தாள், ஒரு மாதத்துக்குப் பிறகு. "அக்கா, புது ஸ்டாம்ப் எது வந்தாலும் எனக்கு ஒண்ணு வாங்கி வைக்கிறீங்களா?" என்றாள். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். சங்கத்துக்குப் பதினைந்தாவது ஆள் கிடைத்துவிட்டாள் என்றுகூடக் கணக்குப் போட்டேன். நீர்ப்பறவைகளைக் கொடுத்தேன். மார்கழியில் வந்ததையும் கொடுத்தேன், கூடவே ஒரு சின்ன ஆல்பமும் இடுக்கியும். ஆல்பத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வேண்டாம் அக்கா, பெட்டி இருக்கிறது என்றாள்.

தை மாதம், அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது, அம்மாவுக்கு ரத்தம் எடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். நானாகக் கேட்டுக்கொண்டு போனதுதான். வாய்க்காலில் தண்ணீர் இறங்கி, கரை காய்ந்திருந்தது. சர்வேயர் இன்னும் வரவில்லை. சுவரில் சிவப்புக் குறி அப்படியே இருந்தது. பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தவர்கள் அந்த ஒரு முழம் இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்திருந்தார்கள். அழித்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

ரத்தம் எடுத்து முடித்ததும் நர்ஸ் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். உள்ளே கவர்கள். ஒவ்வொன்றிலும் நான் கொடுத்த புது ஸ்டாம்ப். நாரை, மீன்கொத்தி, மார்கழியில் வந்தது எல்லாம். ஒவ்வொன்றிலும் அம்மாவின் பெயர், அதே கதவு எண், வாய்க்கால் கரைத் தெரு. அனுப்புநர் இடத்தில் அவள் பெயர், அதே விலாசம். ஸ்டாம்பில் பாதியும் கவரில் பாதியுமாக வட்ட முத்திரை, தேதி கண்ணாடி போடாமலே படிக்கிற மாதிரி. ஒன்றையும் பிரிக்கவில்லை.

"உங்க வீட்டுக்கு நீயே போட்டுக்கிட்டியா?" என்றேன்.

"ஆமாக்கா. பெரிய போஸ்ட் ஆபீஸ்ல குடுத்து, நல்லா அழுத்திக் குத்துங்க சார்னு சொல்லிட்டு வருவேன். நாலு நாள்ல வந்துரும்."

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வெறும் பேப்பர். தேதிதான் வேணும். அடுத்த தடவை யாராச்சும் வந்து கேட்டா, ஒண்ணு ரெண்டு இல்ல, வருசா வருசம் இருக்கும்ல?"

மேலே இருந்த நாரைக் கவரின் முத்திரை அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. என்னையறியாமல் கை போய்விட்டது, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, ஊசி குத்திய கையில் பஞ்சைப் பிடித்தபடியே, மறு கையால் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூடியைப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டார்.